மாரிக்கனி பேரில் போட்ட ‘ஆம்’

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் முதல் லைன் பெண்கள் ஒன்பது பேரும் வேர்த்து நனைந்திருந்தார்கள். ஷிஃப்ட் ஆறு மணிக்குத்தான். ஆனால் சலவையிலிருந்து வந்த துணி மூட்டைகளை இழுத்துக் கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் அடுக்குவது ஷிஃப்டில் சேராது. அது சும்மா செய்து கொடுக்கிற வேலை. மூட்டை அறுபது கிலோ. ஈரம் சரியாகப் போகாத மூட்டை என்றால் இன்னும் கூடும். பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது, மூக்குக்குள் பஞ்சு போய் உட்கார்ந்துகொண்டு தும்மலும் வராமல் மூச்சும் வராமல் இம்சை செய்தது.

“ஏட்டி, தோளைக் குடு, இடுப்பைக் குடுக்காத. இடுப்பு போச்சுன்னா வீட்டுல எவன் வந்து தூக்கிவிடுவான்?” என்றாள் கருத்தம்மா. லைனில் அவள்தான் வயதில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

ராஜபாளையத்துக்கும் சோழபுரத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பேண்டேஜ் கம்பெனி. வெள்ளைத் துணியை நீளமான ரோலாகச் சுற்றி, சுழலுகிற வட்டப் பிளேடில் கொடுத்து, இரண்டு அங்குலம் மூன்று அங்குலம் என்று துண்டு போடுவது முதல் லைனின் வேலை. ஆளுக்கொரு மெஷின். மெஷினுக்கொரு பிளேடு. பிளேடுக்கு மேலே ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். இருந்தது. ஒவ்வொரு ரோலுக்கும் மூடியைத் தூக்கி இறக்குவதில் நேரம் போகிறது என்று பங்குனி மாதமே ஒன்பது மூடியையும் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார் சூப்பர்வைசர் ஜெயபாண்டி. ரோல் கூடியது. கூலி கூடவில்லை.

சித்திரையில் தூணில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டரை மாட்டினார்கள். வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவன் கேட்கிறானாம், பெங்களூரில் எவனோ செய்து விற்கிற சாஃப்ட்வேராம். ஒவ்வொருத்தியும் காலையில் அதற்குள் போய் ஐந்து கேள்விக்குப் பதில் போட வேண்டும். ஒன்பது பேரும் போட்டு முடித்தால்தான் அந்த லைனின் பெட்டிக்கு லேபிள் அடிக்கும். திரையைத் தொட்டதும் முதலில் ஒரு வரி வரும்: ‘ஏற்கனவே உள்ள விவரங்களைக் கொண்டு உள்நுழையவும்.’

முதல் நாள் அதை வாசித்துக் காட்டியபோது கருத்தம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து லைனே திரும்பிப் பார்த்தது. “நமக்கு ஏற்கனவே என்னட்டி விவரம் இருக்கு? விவரம் இருந்தா இங்க ஏன் வாரோம்?”

ஏற்கனவே இருந்த விவரம் என்னவென்றால் டோக்கன் நம்பர். வருகைப் பதிவுக்குக் கொடுத்த அதே நம்பர்தான் இதற்கும். பாஸ்வேர்டும் அதுவே. அந்த நம்பரை அவரவர் நீலக் கோட்டின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். ரகசியத்தை முதுகில் சுமந்துகொண்டு திரிகிற கூட்டம் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

ஆளுக்கு ஆள் எழுத்தைத் தேடித் தடவ, முதல் நாளே அரை மணி நேரம் போய்விட்டது. ஜெயபாண்டி கத்தித் தீர்த்தார். “அஞ்சு கேள்விக்கும் ‘ஆம்’தான். ‘இல்லை’ல கை பட்டுச்சுன்னா கப்பலே நின்னுரும், பாத்துக்கோங்க. யம்மா வெங்கடேஸ்வரி, நீ படிச்சவதானே, எல்லாத்துக்கும் நீயே போட்டு விடேன்.”

வெங்கடேஸ்வரி வத்திராயிருப்புக்காரி. பன்னிரண்டாவது வரை படித்தவள், லைன் லீடர். விரல் அவளுக்கு ஓடும். மற்றவர்கள் மூட்டை அடுக்கி முடிப்பதற்குள் ஒவ்வொருத்தி முதுகையும் ஒரு பார்வை பார்த்து, ஒன்பது பேருக்கும் உள்ளே போய் ஐந்தைந்து ‘ஆம்’ போட்டு வெளியே வந்துவிடுவாள். சித்திரையிலிருந்து இன்றைய ஆடி வரை ஒரு நாள் தவறியதில்லை. ‘பிளேடு மூடி மாட்டியிருக்கிறதா?’ என்பது ஐந்தாவது கேள்வி. அதை அவள் வாசிப்பதையே விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ஒத்தாசை என்றுதான் நினைத்தாள். மற்றவர்களும் ஒத்தாசை என்றுதான் நினைத்தார்கள்.

அன்றைக்கும் ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டாள்.

ஏழே காலுக்கு மாரிக்கனி மெஷினில் துணி ஓரம் மடங்கி உள்ளே இழுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பிள்ளை, லைனிலேயே சுறுசுறுப்பானவள். மடிப்பை எடுத்துவிடக் கையை நீட்டினாள். கத்தவில்லை. “யக்கா” என்றாள், அவ்வளவுதான். வெங்கடேஸ்வரி திரும்பிப் பார்த்தபோது வெள்ளை ரோல் முழுக்கச் சிவப்பு. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

ஊரில் உள்ளவர் காயத்துக்கெல்லாம் துணி வெட்டுகிற இடத்தில், காயத்தைக் கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கருத்தம்மாதான் அப்போது வெட்டிப்போட்ட ரோலையே எடுத்துச் சுற்றினாள். சுற்றச் சுற்ற ஊறியது. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஜெயபாண்டி தரையைக் கழுவச் சொன்னார். ஒன்பது மணிக்கு அந்த மெஷினில் வேறொருத்தி நின்றாள். திரையில் அவளுக்குப் பெயர் இல்லை; மறுநாளும் மாரிக்கனி பேரையும் சேர்த்தே வெங்கடேஸ்வரி ‘ஆம்’ போட்டாள். மத்தியானம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஸ்டோரிலிருந்து மூடி வந்தது. மாட்டி நாலு போட்டோ எடுத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் மூடியைக் காணோம்.

நாலாவது நாள் வெங்கடேஸ்வரியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி சங்கரலிங்கம் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார். குரல் உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. ஜெயபாண்டி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உக்காரும்மா,” என்றார் முதலாளி. அவள் உட்காரவில்லை. ஒரு தாளைத் தள்ளினார். “வாசிச்சுப் பாரு.”

டோக்கன் 217. மாரிக்கனி. காலை 6.02. பிளேடு மூடி மாட்டியிருக்கிறதா? ஆம்.

வெங்கடேஸ்வரி நேரத்தை இன்னொரு தடவை வாசித்தாள். அந்த ‘ஆம்’ யார் விரல் போட்டது என்று அவளுக்குத் தெரியாதா?

“மூடி இருக்குன்னு அவளே போட்டிருக்கா. பொறவு வேகமா வெட்டணும்னு அவளே கழத்தியிருக்கா. நீ லைன் லீடர், கண்ணால பாத்தவ. அதைத்தான் இந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டா ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிருவேன்.”

“அவ கழத்தலையே ஐயா. மூடி பங்குனியிலேருந்தே...”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? அவ நம்பர், அவ பாஸ்வேர்டு. வேற யாரு போட முடியும்?”

ஜெயபாண்டி கூரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது இவளுக்கும் தெரியும்.

“கையெழுத்துப் போட்டா மாரிக்கனிக்கு என்ன ஆகும் ஐயா?”

“ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்லா. ஆனா தானாக் கழத்திட்டுத் தானா அறுபட்டவளைக் கம்பெனி எப்படி வேலையில வச்சிருக்க முடியும்? நஷ்டஈடுன்னும் கேக்க முடியாது.” பேனா மூடியைத் திருகிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். “நீயும் யோசிம்மா. அவ போடலைன்னா வேற யாரோ போட்டிருக்கணும். அது யாருன்னு நான் தேட ஆரம்பிச்சா நல்லா இருக்காது. நாளைக்குக் காலையில கையெழுத்து வேணும்.”

அறையை விட்டு வெளியே வந்தாள். சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறான் பாவி. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வழக்கு வந்தாலும் வரும். பொய்யில் கையெழுத்துப் போட்டால் மாரிக்கனிக்கு விரலோடு சோறும் போகும்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பியது. வத்திராயிருப்பு வரை போகிற பஸ். முதல் லைனும் இரண்டாவது லைனும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை வாரி அடித்தது. வெங்கடேஸ்வரி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மாரிக்கனி பேருல மூடி இருக்குன்னு அன்னைக்குப் போட்டது நான்தான். தினமும் போடுற மாதிரி உங்க எல்லாத்துக்கும் போட்டேன். அதை வச்சுத்தான் இப்ப அவ மேலேயே பழியைத் தூக்கிப் போடுறாங்க.” தாளில் இருந்ததையும் முதலாளி சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

கருத்தம்மாதான் முதலில் வெடித்தாள்.

“அடிப் பாவி மட்டை! என் பேருலயும் இல்லாத மூடியை இருக்குன்னா போட்டு வச்சிருக்க? நாளைக்கு எனக்கு அறுபட்டாலும் நானே அறுத்துக்கிட்டேன்னுல்ல சொல்லுவான்!”

“போடச் சொன்னது நாமதானே மதினி,” என்றாள் ஒருத்தி. “எனக்கு எழுத்துத் தெரியல, நீ போடுன்னு நான்தான் சொன்னேன்.”

“நான் வேண்டாம்னா சொன்னேன்? கேள்வி என்னன்னு ஒரு நாளாவது வாசிச்சுச் சொல்லியிருக்கலாம்லா?” என்றாள் கருத்தம்மா.

“வாசிச்சிருக்கணும்,” என்றாள் வெங்கடேஸ்வரி. இரண்டாவது லைன் லீடர் கல்பனா பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். முதல் லைனுக்கும் அவளுக்கும் ரோல் எண்ணிக்கையில் எப்போதும் போட்டி, முகம் கொடுத்துப் பேச மாட்டாள். “எங்க லைன்ல எட்டுப் பேருக்கு நான்தான் போடுதேன். எங்களுக்கும் மூடி கிடையாது,” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். வத்திராயிருப்பு போகிறவர்களும் இறங்கினார்கள். அடுத்த டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரி வார்டில் மாரிக்கனி சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கையைச் சுற்றி எவ்வளவோ துணி. அவளுடைய அம்மா பாலம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வெங்கடேஸ்வரி அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். பாலம்மாள் உரித்த சுளையைக் கீழே வைத்துவிட்டு, “நாசமாப் போவீங்களா” என்று ஆரம்பித்தாள். யாரை வைகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“சும்மா இரும்மா,” என்றாள் மாரிக்கனி. பிறகு வெங்கடேஸ்வரியைப் பார்த்தாள். “இப்ப என்ன செய்யப் போற?”

“நாளைக்குப் போய் நான்தான் போட்டேன்னு சொல்லிருதேன்.”

“உன்னை வெளிய அனுப்பிருவான்.”

“அனுப்பட்டும். எனக்கு வேணும்.”

மாரிக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தாள், வலி விடவில்லை. “உனக்கு வேலை போனா என் விரலு முளைச்சிருமா? உன் மனசு ஆறுறதுக்கு நீ போய் மாட்டிக்கிட்டு நிப்ப, அவன் ரெண்டு பேரையும் வெளிய தள்ளிட்டு வேற ரெண்டு பேரை நிறுத்திருவான். அதே மெஷினு, அதே பிளேடு. எனக்கு வேலை வேணும்க்கா. உனக்கும் வேலை இருக்கணும். அம்புட்டுப் பேரு வந்திருக்கீங்க. அதுக்கு என்ன வழின்னு பாருங்க. அழாம பாருங்க.”

இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறவள் இவர்களுக்குத் தெம்பு சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கருத்தம்மா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். வார்டை விட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுதான் பேசினார்கள். நிறையப் பேசினார்கள். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டவள் உண்டு. வீட்டுக்காரனிடம் கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று சொன்னவளும் உண்டு. அவளும் கடைசியில், “நான் மட்டும் போடலைன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

மறுநாள் காலை மூட்டை அடுக்கி முடித்து ஆறு அடித்ததும், ஒருத்தியும் மெஷினுக்குப் போகவில்லை. தூணுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வெங்கடேஸ்வரி முதலில் தன் நம்பரில் உள்ளே போனாள். முதல் காரியமாகப் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு ஐந்து கேள்வியையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தாள். தரை ஈரமில்லாமல் இருக்கிறதா? இல்லை. முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? இல்லை. பிளேடு மூடி மாட்டியிருக்கிறதா? இல்லை. அவள் பெயருக்கு நேரே சிவப்பாக ஒரு கட்டம் விழுந்தது.

அடுத்தது கருத்தம்மா. “எப்படி மாத்தணும்? என் ஆட்டுக்குட்டி பேரை வைக்கட்டுமா? அது பேரு...”

“யக்கா, சத்தம் போட்டுச் சொல்லாத!” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. வெங்கடேஸ்வரி எழுத்தை மட்டும் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேள்வியை வாசித்தாள். விரல் கருத்தம்மாவுடையது. காய்ப்புக் காய்த்த அந்த விரலைத் திரை மூன்று தடவை மதிக்கவில்லை. நாலாவது தடவை மதித்தது. சிவப்பு.

ஜெயபாண்டி ஓடிவந்தார். “யம்மா, என்ன செய்றீங்க? அது நேரா வெளிநாட்டுக்காரனுக்குப் போகும்மா! கையை எடு!”

“போறதுக்குத்தானே போடுறோம்,” என்றாள் கருத்தம்மா.

எட்டுக் கட்டமும் சிவப்பாக அரை மணி நேரம் ஆனது. முதல் நாள் ஆன அதே அரை மணி நேரம். முதலாளி கார் வந்து நின்றபோது லேபிள் மெஷின் வாயைத் திறக்காமல் கிடந்தது. தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரி வாசலில் நின்றது. சங்கரலிங்கம் உள்ளே வந்தார். நேற்றைய மெதுவான குரல் இன்றைக்கும் இருந்தது, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“கையெழுத்து எங்கம்மா?”

“போட மாட்டேன் ஐயா. அன்னைக்கு மாரிக்கனி பேருல ‘ஆம்’ போட்டது நான். எல்லாத்துக்கும் நீயே போடுன்னு சொன்னது சூப்பர்வைசர். மூடி பங்குனியிலேருந்து ஸ்டோர்ல கிடக்கு. இதைத்தான் எழுதி வச்சிருக்கேன்.” நாலாக மடித்த தாளை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

“அப்ப நீதான் குற்றவாளி. நீயே ஒத்துக்கிட்ட.”

“கீழ பாருங்க ஐயா.”

பார்த்தார். அவள் கையெழுத்துக்குக் கீழே இன்னும் ஏழு கையெழுத்து. அதில் மூன்று கைநாட்டு. ‘எங்களுக்கும் அவள்தான் போட்டாள். நாங்கள்தான் போடச் சொன்னோம். மூடி இல்லை.’

“விவரம் கெட்ட பொம்பளைகளா! யாரு தூண்டிவிட்டது? எந்தச் சங்கத்துக்காரன் வந்தான்?”

“ஒருத்தரும் வரல ஐயா,” என்றாள் கருத்தம்மா. “ஏற்கனவே உள்ள விவரம்தான்.”

சங்கரலிங்கம் ஜெயபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். “இவங்க கிடக்கட்டும். சரக்கை ரெண்டாவது லைன்ல ஏத்து. அந்த லேபிள்ல போகட்டும்.”

ஜெயபாண்டி கையை ஆட்டிக் கல்பனாவைக் கூப்பிட்டார். கல்பனா தன் ஏழு பெண்களோடு நடந்து வந்தாள். இவள் ‘ஆம்’ போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கல்பனா தூணருகே வந்து நின்றாள், முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள், தன் நம்பரில் உள்ளே போனாள். சிவப்பு. ஒதுங்கி நின்று அடுத்தவளுக்கு வழி விட்டாள்.

“எங்க லைன்லயும் மூடி இல்ல சார்,” என்றாள்.

வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சங்கரலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகத்துக்கு வேறு நிறம் வந்தது. “சரி. ஸ்டோரைத் திற. மூடியை எல்லாம் மாட்டு,” என்று ஜெயபாண்டியிடம் சொன்னார். “மாட்டினதும் எல்லாரும் மாத்திப் போடுங்க. மத்ததை உக்காந்து பேசிக்கிடலாம்.”

முதல் லைனின் ஒன்பது மூடியும் முதலில் வந்தன; தரையைத் துடைத்து, முதலாளி காரிலிருந்த முதலுதவிப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள். தூசி தட்டி மாட்டினார்கள். ஒவ்வொருத்தியும் தன் மெஷினுக்குப் போய் ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் பதிலை மாற்றினாள். எட்டுப் பெயர் முடிந்தது. லேபிள் மெஷின் அசையவில்லை.

“இன்னும் என்ன?” என்றார் முதலாளி.

“ஒண்ணு பாக்கி சார்,” என்றார் ஜெயபாண்டி மெல்ல. “217.”

“போட்டு விடும்மா. நம்பர்தான் உனக்குத் தெரியுமே.”

“தெரியும் ஐயா. போட மாட்டேன். நீங்க போட்டீங்கன்னா, அவ நம்பர்ல வேற ஆளும் போடலாம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“அப்ப அந்தப் பேரையே எடுத்துரு!” என்று ஜெயபாண்டியிடம் சீறினார்.

“பெங்களூர்க்காரன்ட்டச் சொல்லித்தான் சார் எடுக்கணும். ஏன் எடுக்கீங்கன்னு கேப்பான்...”

சங்கரலிங்கம் வெங்கடேஸ்வரியை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். “பொறவு யாருதான் போடுறது?”

“அவ வந்து போடுவா.”

“எப்ப வருவா?”

“நீங்க கூப்பிட்டா வருவா. அவ மேல தப்பில்லைன்னு எழுதி, வேலை இருக்குன்னு சொல்லிக் கூப்பிட்டா, இடது கையால வந்து போடுவா.”

சொல்லிவிட்டுத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் கருத்தம்மா உட்கார்ந்தாள். கல்பனா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “செத்தத் தள்ளி உக்காருங்கட்டி,” என்று நடுவில் இடம் பிடித்தாள்.